சந்தியும் பார்க்கட்டும்

“எழுத்து காணாது தம்பி. இன்னும் பெருப்பி.”

அக்கா என் கடைக்கு எதற்காக வந்தாலும் முதலில் சொல்வது இதைத்தான். கதிரையைக் காட்டினால் இருக்கமாட்டார். எனக்குப் பின்னால் வந்து நின்று என் தோளுக்கு மேலால் கொம்பியூட்டரைப் பார்ப்பார். கருவாடு காயப்போட்ட கையோடு வருகிறவர் என்பதால், அவர் வந்து நிற்பது திரும்பிப் பார்க்காமலே எனக்குத் தெரியும். நான் எழுத்தைக் கொஞ்சம் பெருப்பிப்பேன். “காணாது, போதாது” என்பார். இன்னும் கொஞ்சம். “றோட்டாலை போறவன் சைக்கிளை நிப்பாட்டாமல் வாசிக்கோணும், விளங்குதோ?” என்பார். இது றோட்டில் தொங்கப்போகிற சாமான் அல்ல, வீட்டுச் சுவரில் ஒட்டுகிற கொப்பி அளவு மட்டை என்று நான் சொன்னால், “வீட்டுக்கும் ஆக்கள் வருவினம்தானே” என்பார். எனக்கு மூக்குக்கு மேலே கோபம் வருகிற வயது அது. ஆனாலும் அந்த மனுசியோடு வாய் கொடுத்து ஒருநாளும் நான் வென்றதில்லை.

அப்போது முல்லைத்தீவு நகரத்தில் சின்னதாக ஒரு கடை வைத்திருந்தேன். படம் எடுப்பது, லமினேற் பண்ணுவது, பனர் அடித்துக் கொடுப்பது. எங்கள் பக்கத்தில் பனர் இல்லாமல் ஒரு காரியமும் நடக்காது. பிள்ளை பிறந்தால் பனர், பெரியபிள்ளையாகிச் சாமத்தியப்பட்டால் பனர், சோதினை பாஸ் பண்ணினால் பனர், செத்தால் கட்டாயம் பனர். யாருக்கு என்ன நடந்தாலும் ஊரில் முதலில் அறிகிறவன் நானாக இருந்தேன். ஆனால் ஒருவர் குடியை விட்டதற்குப் பனர் அடித்தவன் இந்த வன்னியிலேயே நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

அக்கா எனக்குச் சொந்தக்காரர் அல்ல, முதன்முதல் கடைக்கு வந்தது கலியாணப் படத்துக்காக. ஊர் ஊராக இடம்பெயர்ந்து ஓடியதில் அவர்களுடைய கலியாண அல்பம் எங்கேயோ தவறிவிட்டது. தன்னுடைய அடையாள அட்டைப் படத்தையும் கணவருடைய அட்டைப் படத்தையும் கொண்டுவந்து, இரண்டையும் சேர்த்து ஒரு கலியாணப் படம் செய்து தா என்றார். இது நாங்கள் வழமையாகச் செய்கிற வேலைதான். யாரோ ஒருவருடைய கோட்டுக்கும் வேறு யாரோ ஒருத்தியின் வெள்ளைச் சேலைக்கும் மேலே இவர்களுடைய தலைகளை வைத்து, கழுத்து நிறத்தைச் சரிப்படுத்திக் காட்டினேன். அக்கா கனநேரம் பார்த்தார்.

“பின்னாலை ஆக்கள் ஒருத்தரும் இல்லையே?”

“மாப்பிள்ளை பொம்பிளை மட்டும் நிக்கிறதுதான் வடிவு அக்கா.”

“வடிவு ஆருக்கு வேணும்? தனிய நிண்டா ஓடிப்போய்க் கட்டின மாதிரிக் கிடக்கும். எங்கடை கலியாணத்துக்குக் கோயில் நிறைஞ்ச சனம். ஆக்களைப் போடு.”

இன்னொரு கலியாணத்தில் நான் எடுத்த கூட்டத்தை வெட்டிப் பின்னால் ஒட்டினேன். அக்காவின் கலியாணத்துக்கு முன்பின் தெரியாத பதினாலு பேர் வந்து சேர்ந்தார்கள். ஒவ்வொரு முகமாக விரலால் தொட்டு எண்ணினார். “இந்தக் கறுத்தக் கண்ணாடிக்காரர் எங்கடை பெரியையா மாதிரியே” என்று சொல்லிச் சிரித்தார். அன்றைக்கே எனக்கு அவரைப் பிடித்துப்போயிற்று. ஒரு விஷயம் நடந்தால் மட்டும் அவருக்குப் போதாது, அதை நாலு பேர் பார்த்திருக்கவும் வேண்டும்.

அந்தக் குணம் எங்கிருந்து வந்தது என்று பிறகு ஒருநாள் அவராகவே சொன்னார். சண்டையின் கடைசி மாதங்களில் அவருடைய தாய் செத்துப்போனார். சுற்றவர ஒருவரும் இல்லை. அக்காவும் கணவரும் கையால் மணலைத் தோண்டிப் புதைத்துவிட்டு ஓடியிருக்கிறார்கள்.

“அம்மாவைத் தாட்ட இடத்தைப் பாத்தது நானும் இவரும் மட்டுந்தான் தம்பி. இவர் குடிச்சுக் குடிச்சு அதை மறந்துபோனா, பிறகு நான் தனியச் சொல்லி ஆர் நம்பப்போயினம்?”

அவருடைய கணவரை நான் அண்ணை என்று கூப்பிடுவேன். நல்ல கடலோடி, குரல் உயர்த்திப் பேசத் தெரியாத மனிதர். தொழில் முடிந்து கரைக்கு வந்தால் சாராயமோ கசிப்போ கிடைத்ததைக் குடித்துவிட்டு, வீட்டுக்குப் போகிற வழியில் எங்கே கால் மடிகிறதோ அங்கே படுத்துவிடுவார். சண்டை இல்லை, தூஷணம் இல்லை. விழுவது மட்டும்தான். பெரும்பாலும் அது அவர்களுடைய ஊர்ச் சந்தியாக இருக்கும்.

ஒரு பெரிய வெள்ளியன்று சிலுவைப்பாதை அந்தச் சந்தியால் வந்தது. அண்ணை அன்று காலையிலேயே றோட்டுக்கு நடுவில் கிடந்தார். முன்னால் சிலுவை தூக்கி வந்தவர்கள் கொஞ்ச நேரம் தயங்கி நின்றார்கள். பிறகு ஊர்வலம் இரண்டாகப் பிரிந்து, அவருக்கு இந்தப் பக்கத்தாலும் அந்தப் பக்கத்தாலும் நடந்து, அப்பால் போய் ஒன்றாகச் சேர்ந்தது. செபம் நிற்கவில்லை. அக்காவும் மகளும் அந்த ஊர்வலத்தில் வந்தவர்கள்தான். மகள் தலை நிமிராமல் சனத்தோடு சனமாகப் போய்விட்டாள். அக்கா போகவில்லை. கடைசி ஆள் கடந்து போகும்வரை குடையை விரித்து, அவருடைய முகத்தில் வெயில் படாமல் பிடித்துக்கொண்டு நின்றார். நான் கமராவோடு போயிருந்தேன், ஆனால் அதைப் படம் எடுக்க மனம் வரவில்லை. எடுத்தவர்கள் இருந்தார்கள். எல்லாரிடமும் போன் இருக்கிறதே.

மறுநாளிலிருந்து அண்ணை குடிக்கவில்லை. ஏன் விட்டீர்கள் என்று கேட்டவர்களுக்குப் பதில் சொல்லவில்லை. “கண்ணை முழிக்கேக்கை அவான்ரை கால் தெரிஞ்சுது, செருப்பில்லாமல்” என்று என்னிடம் ஒருமுறை சொன்னார். அவ்வளவுதான்.

அக்கா அன்றிலிருந்து நாள் எண்ணத் தொடங்கினார். எண்ணியதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. வள்ளம் வருகிற நேரம் பார்த்துக் கடற்கரைக்கே போய் நிற்பார். அண்ணை இறங்கி வந்ததும் எல்லாருக்கும் முன்னால், “ஊதுங்கோ.” அண்ணை ஊதுவார். அக்கா மூக்கைக் கிட்டக் கொண்டுபோய் மணந்துவிட்டு, வலையில் மீன் கழற்றிக்கொண்டிருப்பவர்களைப் பெருமையாகத் திரும்பிப் பார்ப்பார். அவர்களும் வந்து ஒருமுறை மணந்து பார்த்தால் நல்லது என்று நினைப்பவர்போல இருக்கும். “அண்ணை, பொலிஸுக்கும் இவ்வளவு வடிவா ஊதமாட்டியள்” என்று பெடியள் பகிடி பண்ணுவார்கள். அண்ணையும் சேர்ந்து சிரிப்பார். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை. வாய்தான் சிரிக்கும், கண் மணலைப் பார்த்துக்கொண்டிருக்கும்.

“வீட்டுக்குள்ளை வைச்சு மணந்தா என்ன அக்கா?” என்று ஒருநாள் கேட்டே விட்டேன்.

“விழுந்தது வீட்டுக்குள்ளையோ? அதைச் சந்தி முழுக்கப் பாத்தது. எழும்பி நிக்கிறதையும் சந்தி பாக்கட்டும்.”

ஊர்வலம் பிரிந்து போனதை நானும் பார்த்தவன்.

முப்பதாம் நாளுக்கு ஒரு மட்டை அடித்துக் கொடுத்தேன். ‘முப்பது நாள்’ என்பது பெரிய எழுத்தில், ‘இயேசுவுக்கு நன்றி’ என்பது அதைவிடச் சின்ன எழுத்தில். திருஇருதய ஆண்டவர் படத்துக்குக் கீழே ஒட்டினார். நூறாம் நாள் கேக் வெட்டினார்கள். கேக்கில் பெரிதாக நூறு என்று போட்டிருந்ததால், பக்கத்து வளவுக்காரர் ஒருவர் “ஆருக்கு நூறு வயசு?” என்று கேட்டுக்கொண்டு வந்தார். அண்ணையின் சேர்ட்டைக் கழுத்துப் பொத்தான் வரை பூட்டி, கேக்குக்குப் பின்னால் இருத்தியிருந்தார் அக்கா. நாங்கள் கை தட்டினோம். அண்ணை கேக்கை வெட்டி, முதல் துண்டை அக்காவின் வாய்க்குக் கொண்டுபோனார். “எனக்கில்லை, முதல் வந்த சனத்துக்குக் குடுங்கோ” என்று அக்கா தள்ளிவிட்டார். கையில் துண்டோடு அண்ணை யாருக்குக் கொடுப்பது என்று தெரியாமல் நின்றார். நான் போய் வாங்கிக்கொண்டேன்.

ஆறாம் மாதம் நன்றிப் பூசை. எதற்காக நன்றி என்பதைப் பெயர் சொல்லி வாசிக்கவேண்டும் என்று அக்கா எழுதிக் கொடுத்திருந்தார். “ஒரு குடும்பத்தின்ரை நன்றிக்காக எண்டு வாசிச்சாக் காணாதோ?” என்று பங்குச் சுவாமி கேட்டுப் பார்த்தார்.

“சுவாமி, ஆரெண்டு கடவுளுக்குத் தெரியும். சனத்துக்குத்தான் தெரியாது.”

சுவாமி வாசித்தார். கோயிலில் இருந்த தலைகள் எல்லாம் ஆண்கள் பக்கம் திரும்பின. மகள் பாடகர் குழுவில் நின்றாள். அன்று முழுப் பூசையும் அவள் பாட்டுப் புத்தகத்தை முகத்துக்கு நேரே பிடித்திருந்தாள். ஆனால் ஒன்றையும் சொல்லவேண்டும். அடுத்த கிழமை கடற்கரையில் இன்னும் இரண்டு பெண்கள் தங்கள் மனிசன்மாரை ஊதச் சொல்லிக்கொண்டு நின்றார்கள். அக்காவைத் திட்டவும் முடியாது, அவருக்காகச் சந்தோஷப்படவும் முழுமனதாக முடியாது. என்னுடைய நிலை அப்படித்தான் இருந்தது.

ஒரு வருடம் நெருங்கியபோது அண்ணை தனியாகக் கடைக்கு வந்தார். அவர் என் கடைப்படி ஏறியது அதுதான் முதல்தரம்.

“தம்பி, அவா வந்து பனர் ஒண்டு கேப்பா. மெசின் பழுதெண்டு சொல்லிவிடன்.”

“ஏன் அண்ணை, நல்ல விசயம்தானே?”

“நல்ல விசயம்தான். பிள்ளைக்குக் கலியாணம் பேசுறம். நான் குடிக்காமல் இருக்கிறன், அது காணும்தானே? அதைக் கொண்டுபோய்ச் சந்தியிலை கட்டி…”

“அக்காவுக்கு நீங்களே சொல்லுங்கோவன்.”

“எனக்குச் சொல்ல வாயில்லைத் தம்பி. நான் அவாவுக்குச் செய்தது அப்பிடி.”

பார்ப்போம் அண்ணை என்றேன். சொன்னபடி செய்யவில்லை. இன்றைக்கு நினைத்தாலும் என்னை நானே நாலு சாத்துச் சாத்தலாம் போல இருக்கிறது. அக்கா வந்து பின்னால் நின்றதும் மெசின் பழுது என்ற பொய் வாயில் வரவில்லை. உள்ளதைச் சொன்னால், எனக்கும் ஆசையாகத்தான் இருந்தது. செத்தவீட்டுப் பனரும் சாமத்தியப் பனரும் அடித்து அடித்து அலுத்துப்போயிருந்தேன். ஒருவரும் அடிக்காத பனர் ஒன்று தேடி வந்திருந்தது. அந்த ஆசை பிடித்த எனக்கு அண்ணையின் முகம் ஞாபகம் வரவில்லை.

பத்தடி நீளம். ‘குடியை வென்று ஓராண்டு’ என்று சிவப்பு எழுத்து. வலது பக்கம் அண்ணை கைகட்டி நிற்கிற படம், கீழே ‘இன்று’. இடது பக்கத்துக்கு அக்கா யாருடைய போனிலிருந்தோ ஒரு படம் வாங்கிக்கொண்டு வந்திருந்தார். பெரிய வெள்ளியன்று றோட்டில் கிடந்த படம்.

“இது வேண்டாம் அக்கா.” அதையாவது சொன்னேன்.

“விழுந்து கிடந்தது தெரியாட்டி எழும்பினது எப்பிடித் தம்பி தெரியும்?”

படத்தின் மூலையில் குடையும் அக்காவின் கையும் தெரிந்தன. அதை வெட்டச் சொன்னார். “நான் தேவையில்லை” என்றார். வெட்டினேன். கீழே ‘அன்று’ என்று போட்டேன். எழுத்து காணாது என்றார். பெருப்பித்தேன்.

உயிர்த்த ஞாயிறுக்கு முதல்நாள் பனர் சந்தியில் ஏறியது. திங்கட்கிழமை மன்னார்ப் பக்கத்திலிருந்து மகளைப் பார்க்க ஆட்கள் வருவதாக இருந்தது. அது தெரிந்துதான் அக்கா பனரைக் கழற்றாமல் விட்டார். “அவையளும் பாக்கட்டும். எங்களிட்டை ஒளிப்பு மறைப்பு இல்லை எண்டு தெரியும்தானே” என்றாராம். அவருக்கு அது பெருமை. அந்தப் பெருமையைப் பார்த்துத்தான் மாப்பிள்ளை வீட்டார் ஓமென்று சொல்வார்கள் என்று மனதார நம்பியிருந்தார்.

வந்தவர்கள் சந்தியில் வான் வண்டியை நிற்பாட்டி வழி கேட்டிருக்கிறார்கள். அண்ணையின் பெயரைச் சொல்லி அவருடைய வீடு எது என்று கேட்டதும், அங்கே நின்ற ஒருவர் மேலே கையைக் காட்டி, “இவரின்ரை வீடுதானே? நேரை போய் வலக்கைப் பக்கம்” என்றாராம். நல்ல மனத்தோடு வழி சொன்ன மனிதன், அவரைக் குறைசொல்ல ஒன்றுமில்லை. வானுக்குள் இருந்தவர்கள் நிமிர்ந்து, அன்றும் இன்றும் இரண்டையும் வாசித்திருக்கிறார்கள்.

வீட்டுக்கு வந்து மரியாதையாகத்தான் இருந்தார்களாம். தேத்தண்ணி குடித்தார்கள், மகளிடம் அவள் படிப்பிக்கிற முன்பள்ளியைப் பற்றி விசாரித்தார்கள். இரண்டு நாள் கழித்துப் பெடியன் வெளிநாடு போகிற யோசனையில் இருப்பதாகச் செய்தி வந்தது. உண்மைக் காரணத்தைக் கலியாணம் பேசி வந்த தரகர் மறைக்கவில்லை.

விஷயம் அறிந்ததும் நான் மன்னிப்புக் கேட்கப் போனேன். அண்ணை வாசலில் இருந்து கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தார். உள்ளே மகள் நின்றபடி தாயோடு கதைத்துக்கொண்டிருந்தாள். சத்தம் போடவில்லை. முன்பள்ளிப் பிள்ளைக்குச் சொல்வதுபோல நிதானமாகச் சொன்னாள்.

“அப்பா குடிச்சது எங்கடை ஊருக்கு மட்டுந்தான் அம்மா தெரியும். குடியை விட்டது மன்னாருக்கும் தெரிஞ்சுபோச்சு.”

அக்கா சுவரிலிருந்த முப்பது நாள் மட்டையைப் பார்த்தார். என்னைக் கண்டதும், “உன்னிலை பிழையில்லைத் தம்பி. நான் சொன்னதைத்தானே செய்தனீ” என்றார். அதைவிட என்னை இரண்டு ஏச்சு ஏசியிருக்கலாம்.

அன்று பின்னேரம் அண்ணை ஏணியைக் கொண்டுபோய்த் தானே பனரைக் கழற்றினார். சந்தியில் நின்றவர்கள் எல்லாரும் ஒன்றையே எதிர்பார்த்தார்கள். இன்றைக்கு இந்தாள் குடிக்கும் என்று நான்கூட நினைத்தேன். அண்ணை பனரைச் சுருட்டிச் சைக்கிள் கரியரில் கட்டிக்கொண்டு வீட்டுக்குப் போனார். குடிக்கவில்லை. மறுநாளும் குடிக்கவில்லை.

மாறியது அக்காதான். கடற்கரைக்கு வருவதை நிறுத்திக்கொண்டார். ஊதச் சொல்வதில்லை. சுவரிலிருந்த மட்டையைக் கழற்றிவிட்டார். மத்தியானச் சாப்பாட்டு நேரம் முன்கதவை அகலத் திறந்து வைத்திருக்கிறவர், இப்போது அதைச் சாத்தி வைத்தார். மகள் மாதக்கணக்காக அவரோடு முகம் கொடுத்துக் கதைக்கவில்லை என்று கேள்விப்பட்டேன். இரண்டாம் வருடம் முடிகிற நாளில் அவர் வருவார் என்று கடையில் காத்துக்கொண்டிருந்தேன். வரவில்லை. பின்னேரம் மனம் கேளாமல் கடற்கரைக்குப் போனேன். அண்ணை வள்ளத்தில் சாய்ந்துகொண்டு நின்றார்.

“இரண்டு வருசம், என்ன அண்ணை?” என்றேன்.

“ஓம். காலமை அவாவுக்குச் சொன்னனான். ‘ம்’ எண்டா. வேறை ஒண்டும் சொல்லேல்லை.” வள்ளத்து விளிம்பிலிருந்த மணலைத் தட்டிவிட்டார். “முந்தி இதிலை வைச்சு ஊதச் சொல்லேக்கை செத்துப்போகலாம் போலை இருக்கும் தம்பி. இப்ப ஆரும் கேக்கினமில்லை. அது அதைவிடக் கஷ்ரமாக் கிடக்கு.”

எனக்குப் பயம் பிடித்தது. அக்காவிடம் போய் இதைச் சொல்வோமா என்று யோசித்தேன். மற்றவர்களுடைய வீட்டு விஷயத்தில் ஒருதரம் கை வைத்துப் பட்டது போதும் என்று விட்டுவிட்டேன்.

அந்த வருடமே மகளுக்குக் கலியாணம் சரிவந்தது. நாயாற்றுப் பக்கத்துப் பெடியன், மீன் ஏற்றுகிற லொறி ஓட்டுகிறவன். பனர் தொங்கிய நாட்களில் அதற்குக் கீழால் லொறி ஓட்டிப் போனவன் என்பதால் அவனுக்கு எல்லாம் தெரியும். தெரிந்துதான் கேட்டான். படம் எடுக்கிற வேலை எனக்கு. காலையில் கோயிலில் தாலி கட்டி முடிந்து, மத்தியானம் வீட்டுப் பந்தலில் சாப்பாடு. அக்கா நல்ல பட்டுச்சேலை உடுத்து ஓடித் திரிந்தார். கனகாலத்துக்குப் பிறகு அவர் சிரித்து நான் கண்டேன்.

சாப்பாடு முடிந்ததும் ஆண்கள் பின்வளவில் வேப்பமர நிழலில் கதிரைகளைப் போட்டுக்கொண்டு இருந்தார்கள். போத்தல்கள் வந்தன. எங்கள் பக்கக் கலியாணங்களில் அது இல்லாமல் இராது. மாப்பிள்ளையின் தகப்பன் வாய் நிறையச் சிரிக்கிற மனிதர், கெட்டவர் அல்ல. இரண்டு கிளாஸில் ஊற்றி ஒன்றை அண்ணையிடம் நீட்டினார்.

“நான் எடுக்கிறேல்லைச் சம்பந்தி.”

“தெரியும், தெரியும். பனர் பாத்தனாங்கள்தானே.” எல்லாரும் சிரித்தார்கள். “என்ரை மோனையே உங்கடை வீட்டுக்குத் தந்திருக்கிறன், என்ரை கையாலை ஒரு மிடறு எடுக்கமாட்டியளோ? மனுசிக்குப் பயமோ?”

அண்ணை குசினி வாசலைப் பார்த்தார். அக்கா அங்கேதான் நின்றார். சொன்னது எல்லாம் அவருக்குக் கேட்டிருக்கும். பழைய அக்கா என்றால் கிளாஸைப் பறித்து வேப்பமரத்து அடியில் ஊற்றியிருப்பார். வருவார், இப்போது வருவார் என்று நான் பார்த்துக்கொண்டு நின்றேன். அக்கா அண்ணையைப் பார்த்தார். பந்தலில் இருந்த மகளைப் பார்த்தார். பிறகு எங்களுக்கு முதுகைக் காட்டித் திரும்பி, சாப்பிட்ட கோப்பைகளை ஒன்றுக்கு மேல் ஒன்றாக அடுக்கத் தொடங்கினார்.

அண்ணை அந்த முதுகைப் பார்த்தார். கிளாஸை வாங்கி ஒரே மூச்சில் குடித்தார். என் விரல் அதற்குள் கமராவை அமத்திவிட்டது. சம்பந்தி முதுகில் தட்டினார். இரண்டாவதை ஊற்றப் போனபோது அண்ணை கையால் மறித்துவிட்டு எழும்பினார். பந்தலின் தூரத்து மூலையில் போய்த் தனியாக இருந்தார்.

அன்றைக்கே அந்தப் படத்தை அழித்தேன்.

ஒரு கிழமை கழித்து அல்பத்துக்குப் படம் தெரிந்தெடுக்க அக்கா வந்தார். வழமைபோல எனக்குப் பின்னால் நின்றார். நான் ஒவ்வொன்றாகத் தட்டிக்கொண்டு போனேன். கோயில், தாலி, கேக், பந்தல்.

“நில்லு” என்றார். “நானூற்றுப் பன்னிரண்டுக்கு அடுத்தது நானூற்றுப் பதினாலு. பதின்மூண்டு எங்கை?”

படத்துக்குக் கீழே நம்பர் விழுவதை நான் யோசிக்கவே இல்லை. வருடக்கணக்காக நாள் எண்ணிய மனுசிக்கு அது தப்புமா?

“அது ஆடிப்போன படம் அக்கா. அழிச்சுப்போட்டன்.”

அக்கா வந்து கதிரையில் இருந்தார். என் கடைக் கதிரையில் அவர் இருந்தது அதுதான் முதல்தரம்.

“அழிச்சது நல்லது” என்றார். “நீ பாத்தனீதானே?”

“ஓம் அக்கா.”

“நான் பாக்கேல்லை. பாத்துக்கொண்டு நிண்டிருந்தா அவர் எடுத்திருக்கமாட்டார். அது எனக்குத் தெரியும் தம்பி. ஆனா பிள்ளை வாழப்போற சனத்துக்கு முன்னாலை, மனுசிக்குப் பயந்து கிளாஸை வைச்ச ஆள் எண்டு திரும்பவும் அந்தாளைச் சிரிப்பாக்கிறதோ? ஒருக்காச் செய்தது காணும். அதுதான் திரும்பினனான்.”

“இப்ப எடுக்கிறாரோ?”

“இல்லை. அண்டைக்கு எடுத்ததுதான். ஆனா என்ரை முகத்தைப் பாக்கிறாரில்லை. நான் கண்டனோ இல்லையோ எண்டு யோசிச்சுக்கொண்டு திரியிறார். காணேல்லை எண்டே நினைக்கட்டும். எனக்குத் தெரியாது எண்டு நினைச்சாத்தான் அவராலை திரும்ப எழும்பேலும்.” சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தார். “நீயும் வாய் திறவாதை.”

நான் சத்தியம் பண்ணினேன். அக்கா எழும்பி மறுபடி பின்னால் வந்து நின்று, மீதிப் படங்களைத் தெரிந்து தந்துவிட்டுப் போனார்.

அதன்பிறகு அந்தக் கலியாண நாளிலிருந்து நான் எண்ணத் தொடங்கினேன். எண்ணச் சொல்லி யாரும் கேட்கவில்லை. கடற்கரைப் பக்கம் போனால் அண்ணையைத் தேடிப் பார்ப்பேன். வலை பொத்திக்கொண்டிருப்பார், அல்லது எஞ்சினைக் கழற்றிவைத்துத் துடைத்துக்கொண்டிருப்பார். கால் தளம்பி நான் காணவில்லை. சந்தியால் போகும்போது மட்டும் நடுறோட்டைப் பார்க்கப் பயப்படுவேன். ஒருநாளும் அங்கே அவர் கிடக்கவில்லை.

கடையை வவுனியாவுக்கு மாற்றுவதற்கு முந்தின கிழமை சந்தையில் அக்காவைக் கண்டேன். நல்ல சனம். மரக்கறிக்காரியிடம் குந்தியிருந்து கத்தரிக்காய் தெரிந்துகொண்டிருந்தார். தலை வெகுவாக நரைத்திருந்தது. எனக்கு வந்த சந்தோஷத்தில் குரல் கொஞ்சம் கூடிவிட்டது.

“அக்கா! இண்டையோடை ஒரு வருசம்!”

அக்கா பதறிப்போய் நிமிர்ந்தார். இடக்கைப் பக்கம் பார்த்தார், வலக்கைப் பக்கம் பார்த்தார், பின்னால் நின்றவர்களையும் திரும்பிப் பார்த்தார். யாரும் கவனிக்கவில்லை என்று கண்டபிறகு, உதடு மட்டும் அசையச் சொன்னார்.

“நேற்றோடை.”

மரக்கறிக்காரி என்னவாம் என்று தலையை உயர்த்திக் கேட்டார். “ஒண்டுமில்லை, தெரிஞ்ச தம்பி” என்று சொல்லிவிட்டு அக்கா மறுபடி கத்தரிக்காயைத் தெரியத் தொடங்கினார்.